கையடக்க கேமரா போதும்... ஹான்லேயில் பால்வீதியையே பிடிக்கலாம்!

லடாக்கில், சீன எல்லைக்கு அருகே இருக்கிறது ஹான்லே. இங்கே பொழுது சாய்ந்ததும் வீடுகளில் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே எரியும் விளக்கின் வெளிச்சம் வெளியே கசியக் கூடாது என்பதற்காகத்தான். இரவில் வண்டிகள் ஹை பீம் போடக் கூடாது. மற்ற ஊர்களில் தெருவிளக்கு கேட்டு மனு கொடுப்பார்கள். இந்த ஊர் இருட்டைக் கட்டிக் காக்கிறது.

காரணம், தலைக்கு மேலே விரியும் வானம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரம், வறண்ட காற்று, பக்கத்தில் பெரிய நகரம் எதுவும் இல்லை. இதனால்தான் பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இங்குள்ள குன்றின் மீது 2 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்கு ‘ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கி’ என்று பெயர். 2022 டிசம்பரில் இந்தப் பகுதியில் 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு, இந்தியாவின் முதல் ‘இருள் வான் காப்பக’மாக அறிவிக்கப்பட்டது.

அதன் பிறகு விஞ்ஞானிகள் மட்டுமல்ல, கேமராவும் கையுமாகக் குடும்பங்களும் வரத் தொடங்கியிருக்கின்றன.

எந்த கேமரா?

நட்சத்திரங்களைப் படம் பிடிக்க லட்சங்களைக் கொட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கேமராவின் விலையைவிட வானத்தின் இருட்டுதான் முக்கியம். சென்னை மொட்டை மாடியில் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவை வைத்து 20 விநாடி திறந்தாலும் வானம் வெளுத்துத்தான் தெரியும். ஹான்லேயில் சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராவே பால்வீதியைப் பதிவு செய்துவிடும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். சென்சார் குறைந்தது ஒரு அங்குல வகையாக இருக்க வேண்டும். லென்ஸ் அகலமாகத் திறக்க வேண்டும், எஃப்/1.8, எஃப்/2.8 என்று எண் சிறியதாக இருப்பது நல்லது. ஷட்டரை 30 விநாடி வரை திறந்துவைக்கும் மேனுவல் வசதி வேண்டும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 24 மில்லிமீட்டர் கோணம் தரும் மாடல்கள், கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2, ரிக்கோ ஜிஆர் 3 போன்றவை இதற்குப் பொருந்தும். கேனனில் நட்சத்திரங்களுக்கென்றே தனி ‘ஸ்டார்’ மோடும் உண்டு. பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம்.

கேமராவே வேண்டாம் என்பவர்களுக்கு மொபைல் இருக்கிறது. கூகுள் பிக்ஸல் போன்கள் 2019 முதல் நான்கு நிமிடம் வரை வானத்தைப் பதிவு செய்யும் வசதியுடன் வருகின்றன. ஆனால், எந்தக் கருவியானாலும் ட்ரைபாட் கட்டாயம். கையில் பிடித்தால் நட்சத்திரம் கோணல் கோடாகிவிடும்.

எப்படி எடுப்பது?

பூமி சுழல்வதால் நட்சத்திரங்களும் நகர்வதுபோலத் தெரியும். அதிக நேரம் திறந்துவைத்தால் புள்ளி கோடாகும். இதற்கு ஓர் எளிய கணக்கு: 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டர் அளவால் வகுக்க வேண்டும். 24 என்றால் சுமார் 20 விநாடி. 28 என்றால் சுமார் 18. சிறிய கேமராவில் பெட்டிமேல் போட்டிருக்கும் ‘35 எம்.எம். சமான’ அளவைத்தான் இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை, லென்ஸ் முழுத் திறப்பு, ரா ஃபைல், இரண்டு விநாடி டைமர். ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் தடுமாறும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையாலேயே ஃபோகஸ் செய்வதுதான் நம்பகமான வழி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், உபரி பேட்டரியை உடம்போடு ஒட்டிய உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியாததையும் கேமரா பார்க்கும். 2024 மே மாதம் வலுவான சூரியப் புயல் வீசியபோது, ஹான்லே வானில் தோன்றிய சிவப்புத் துருவ ஒளியை அங்குள்ள கேமராக்கள்தான் தெளிவாகப் பதிவு செய்தன.

போகும் முன்...

லே நகரிலிருந்து சிந்து நதியோரமாக சுமத்தாங், நியோமா வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் பயணம். உள்நாட்டுப் பயணிகளுக்கும் அனுமதிச் சீட்டு தேவை. 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லேயில் குறைந்தது இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிய பிறகே ஹான்லேக்கு ஏற வேண்டும். இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்களும் முதியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. அமாவாசையை ஒட்டிய நாட்களே படத்துக்கு ஏற்றவை. செப்டம்பரில் போனால், இருட்டியதும் பால்வீதியின் மையப் பகுதி தென்திசையில் தெரியும்.

ஒத்திகையைத் தமிழ்நாட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் நிலவில்லாத ஓர் இரவு போதும். ஹான்லேயில் பார்க்கவே முடியாத தெற்குச் சிலுவை, ஏப்ரல், மே மாத இரவுகளில் நம் தென்வானில் தரிசனம் தரும்.

இருட்டே வாழ்வாதாரம்

ஹான்லேயின் சிற்றூர்களைச் சேர்ந்தவர்களுக்கு வானியல் பயிற்சியும் தொலைநோக்கிகளும் தந்து, ‘வானியல் தூதர்’களாக்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் பெண்கள். பகலில் ஆடும் வயலுமாக இருப்பவர்கள், இரவில் விருந்தினர்களுக்குச் சனியின் வளையத்தைக் காட்டுகிறார்கள். வீட்டிலேயே தங்க இடமும் சாப்பாடும் தந்து வருமானம் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கூட்டம் கூடினால் வண்டிகளும் விடுதிகளும் பெருகும். கூடவே வெளிச்சமும் வரும். எதைப் பார்க்க வந்தார்களோ, அதை வந்தவர்களே அழித்துவிடக்கூடும். வானம் வெளுத்தால் தொலைநோக்கியின் ஆராய்ச்சியும் பாதிக்கும், இந்தப் பெண்களின் வருமானமும் போகும்.

எனவே, ஹான்லே போகிறவர்கள் கேமரா பையில் ஒரு சிவப்பு டார்ச்சையும் வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரே ஒரு மொபைல் ஃபிளாஷ் அதைக் கெடுத்துவிடும். ஃபிளாஷை அணைத்துவைப்பதுதான் அங்கே விருந்தினர் செய்யக்கூடிய முதல் மரியாதை.