முதலில் வெயில் விழும் கல்

இரண்டு மூன்று நாளாக ஊரில் எங்கு போனாலும் குளிர்ப் பேச்சுத்தான். சுபஹுக்குப் பள்ளிக்கு வருபவர்களின் தலையில் துவாய். உம்மா போர்வைக்குள் இருந்துகொண்டே, "இந்த வருஷத்துக் குளிர் எலும்புக்குள்ள போகுது மகன்" என்றா. ஓம் என்று சொல்லி ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். மனதுக்குள் ஒரு சிரிப்பும் வந்தது.

எனது முதல் நியமனம் நுவரெலியாப் பக்கம், ஒரு தோட்டப் பாடசாலையில். கடற்கரை மணலில் வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் மாரி மழையும் வாடைக் காற்றும்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும் என்று படித்து, பரீட்சையில் புள்ளியும் எடுத்தவன் நான். அதன் அர்த்தம், ஜனவரி மாதம் வுழூ எடுக்கப் பைப்பைத் திறந்தபோதுதான் விளங்கியது. விரல்கள் என்னுடையவை போலவே இல்லை.

அங்கே மேகம் மூடிய இரவுக்குப் பயமில்லை. நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவுதான் பொல்லாதது. நிலம் பகலில் வாங்கிய சூட்டைப் பிடித்து வைக்க மேலே மேகம் இருக்காது. எல்லாம் வானத்துக்குப் போய்விடும். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி பட்ட கொழுந்து பிறகு கருகிப் போகும். கொழுந்து இல்லாவிட்டால் லயத்து வீடுகளில் வருமானமும் குறையும்.

ஆறாம் தரத்தில் ஒரு பையன். அந்த மாதம் முழுக்கப் பிந்தித்தான் வந்தான். இரண்டு நாள் ஏசினேன். மூன்றாம் நாள் வகுப்புக்கு வெளியே, சுவரோரம் நிற்க வைத்தேன். அது நிழல் பக்கம். கொஞ்ச நேரத்தில் போய், "ஏன்டா தினமும் லேட்?" என்று தோளில் கை வைத்தேன். கை ஈரமானது.

"ஒரு சட்டதான் சேர். அம்மா வேல விட்டு வந்து கழுவும். அடுப்புக்கு மேல போட்டாலும் காயல. எங்க லயத்துக்கு வெயில் லேட்டாதான் வரும் சேர்."

மலைக்குப் பின்பக்கம் அவனுடைய லயம். அங்கு வெயில் எட்டிப் பார்க்கும் வரை சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். நான் இரண்டு பெனியனும் தடித்த ஜெர்சியும் போட்டுக்கொண்டு அவனை நிழலில் நிறுத்தியிருக்கிறேன். அன்று இரவு போர்டிங் அறையில் கம்பளிக்குள் படுத்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் அதிபரிடம் கேட்டு, முதல் பாடத்தை வெளியே படிக்கட்டுப் பக்கம் மாற்றினேன். பிள்ளைகள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் எங்கே உட்காருவது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பையன் எழும்பி வந்து, "சேர், இந்தக் கல்லுல உக்காருங்க. இதுலதான் மொதல்ல வெயில் விழும்" என்றான். அது அவன் தினமும் உட்காரும் கல்.

அந்தக் கல்லின் சூடு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்று என்ன பாடம் நடத்தினேன் என்பது மறந்துவிட்டது.

இன்று காலை இங்கே நல்ல வெயில், அல்ஹம்துலில்லாஹ். உம்மா மெத்தை, தலையணை எல்லாம் வளவில் காயப் போட்டுவிட்டு, தானும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறா. சித்திரை வந்தால் இதே வெயிலை நாங்கள் எல்லோரும் ஏசுவோம்.

இதை எழுதக் காரணம், மாரி காலத்தில் நம்ம ஊரிலும் ஒரே சட்டையைக் கழுவிக் கழுவிப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். உங்கள் வீட்டில் அளவு பத்தாமல் போன, நல்ல நிலையில் உள்ள பாடசாலைச் சட்டை இருந்தால், பக்கத்து வீட்டுக்குச் சத்தமில்லாமல் கொடுத்துவிடுங்கள். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: பிந்தி வரும் பிள்ளையை ஏசுவதற்கு முதல், தோளை ஒருக்காத் தொட்டுப் பாருங்கள்.