திரை மாறுகிறது, வாசல் யார் கையில்?

தியேட்டர் காலம் முடிந்தது, இனி எல்லாம் ஓடிடிதான் என்கிறார்கள் சிலர். விசிலும் கைதட்டலும் இல்லாமல் அது என்ன சினிமா என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் கேட்காத கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது: எந்தத் திரையானாலும், அதன் வாசலில் நின்று ஆளை உள்ளே விடுவது யார்?

தியேட்டர் நமக்கு எளிதாகத் திறந்துவிடவில்லை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' கதாநாயகி பி.கே.ரோசி ஒரு தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத ஆதிக்கச் சாதியினர் திரையின் மீது கல்லெறிந்தார்கள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தவர் மீண்டும் திரைக்கு வரவே இல்லை.

இது பழைய கதை என்று கடந்துபோக முடியாது. 2023 மார்ச்சில் சென்னைத் தியேட்டர் ஒன்றில், கையில் டிக்கெட் இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தைத் தடுத்தார்கள். யு/ஏ படம், குழந்தைகள் இருக்கிறார்கள் என்று பிறகு காரணம் சொன்னார்கள். பெற்றோர் துணையோடு குழந்தைகள் பார்க்கலாம் என்பதுதானே அந்தச் சான்றிதழின் பொருள்?

அதனால்தான் ஓடிடியை நம்மில் பலர் நம்பிக்கையோடு பார்த்தோம். 2021இல் 'சார்பட்டா பரம்பரை'யும் 'ஜெய் பீம்' படமும் தியேட்டரைத் தொடாமலேயே நேராக வீடுகளுக்கு வந்தன. விநியோகஸ்தரின் தயவு தேவைப்படவில்லை. தணிக்கைச் சான்றிதழும் அங்கே கட்டாயமில்லை.

ஆனால் அந்த வாசலும் சாத்தப்பட்டு வருகிறது. தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கும் பெண் போலீசைப் பற்றிய 'சந்தோஷ்' என்ற இந்திப் படம் 2024இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. இங்கே தணிக்கை வாரியம் ஏற்கவே முடியாத அளவுக்கு வெட்டுகளைக் கேட்டதால் அது தியேட்டருக்கு வரவில்லை. 2025 அக்டோபரில் ஓடிடியில் வரும் என்றார்கள். அதுவும் நின்றுபோனது.

இன்னொரு இழப்பும் உண்டு. 2018இல் 'பரியேறும் பெருமாள்' படத்தின் கடைசிக் காட்சியில் வரும் இரண்டு டீ கிளாஸ்களை எல்லாச் சாதியினரும் ஒரே இருட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். செல்போனோ அவரவருக்குப் பிடித்ததையே அவரவருக்குக் காட்டுகிறது. நம் படத்தை நாம் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், பார்க்க வேண்டியவர்கள் எப்போது பார்ப்பார்கள்?

ஆகவே தோழர்களே, தியேட்டரா ஓடிடியா என்பதல்ல நம் பிரச்சினை. கேமராவும் இயக்கமும் மட்டும் படித்தால் போதாது. விநியோகம், ஒப்பந்தம், தணிக்கைச் சட்டம் இவற்றையும் படியுங்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் அங்கேதான் நடக்கிறது. கூடவே, உரிமையாளரிடம் அனுமதி பெற்று, இரவுப் பாடசாலையிலும் கல்லூரி விடுதியிலும் ஒரு புரொஜெக்டரை வைத்துப் படம் போடுங்கள். சேரியில் மட்டும் போடாமல் ஊரையும் அழையுங்கள். படம் முடிந்ததும் கலைந்துவிடாமல் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

வாசல் நம் கையில் இல்லாத வரை, திரை எவ்வளவு மாறினாலும் நாம் வெளியேதான் நின்றுகொண்டிருப்போம்.