செவ்வாய்க்கிழமை விடுமுறை

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தொழில்களை அறிமுகம் செய்யும் வகுப்பு ஒன்று நடைபெறும். மூன்றாண்டுகளுக்கு முன் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. கரும்பலகையில் ‘நான் அறிந்த தொழில்கள்’ என்று தலைப்பிட்டுவிட்டுச் சுண்ணக்கட்டியை மாணவர்களிடம் கொடுத்தேன். மருத்துவர், பொறியாளர், மாவட்ட ஆட்சியர், காவல்துறை அதிகாரி, விமானி என்று பலகை விரைவில் நிறைந்தது. விமானத்தை வானத்தில் ஒரு வெள்ளைக் கோடாக மட்டுமே கண்ட பிள்ளைகள் ‘விமானி’ என்று எழுதினார்கள்; அதில் தவறொன்றுமில்லை. ஆனால், அவ்வகுப்பின் ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் மாதத்திற்கு ஒருமுறையேனும் யாரிடம் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்மூடி அமர்கிறார்களோ, அவருடைய தொழில் அந்தப் பலகையில் இல்லை.

“கடைசியாக உங்களுக்கு முடி வெட்டியவர் யார்?” என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. சன்னலோரம் அமர்ந்திருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். அப்படிக் குனிந்த தலையொன்றை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

அது 1997-ஆம் ஆண்டு. நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் பகுதி எனக்கு மிகவும் விருப்பமானது. பாடத்தில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவேன். துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு ஆகியவை ஊறிய நீரில் அவள் கூந்தலை நனைத்தாள். பின்பு நறும்புகையில் உலர்த்தினாள். ஒப்பனை எவ்வளவு நுட்பமான கலையாக நம்மிடையே இருந்தது என்று நான் வியந்து பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் ஒருவன் உறங்கிவிட்டான். எழுப்பிக் கேள்வி கேட்டேன். விடை தெரியாமல் விழித்தான்.

“நீ சிரைக்கத்தான்டா லாயக்கு” என்றேன்.

அன்றும் வகுப்பு சிரித்தது. அவனுடைய தந்தை கடைவீதியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரியும். மாதந்தோறும் அவரிடம்தான் நான் முடி வெட்டிக்கொண்டேன். வாய்க்குப் பழகிய வசவு. என் ஆசிரியர்கள் என்னிடம் சொன்னது. அவர்களிடமிருந்து தமிழோடு சேர்த்து அதையும் நான் கற்றிருந்தேன். மாதவியின் கூந்தலைப் புகழ்ந்த அதே நாவு, அதே பாடவேளையில், அடுத்த தலைமுடியைத் தொட்டுப் பிழைப்பவரை இழிவுபடுத்தியது. அந்த முரண் எனக்கு அன்று உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவன் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் நான் கடைக்குச் சென்றேன். அவர் வழக்கம்போல் துண்டை உதறிக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். வெட்டி முடித்து, பின்கழுத்தில் நீரைத் தடவிக் கத்தியை வைத்தார். அந்நேரத்தில்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

“பையன் பள்ளிக்கூடத்துக்கு வரலையே?”

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு அதே சீராக இறங்கியது. “ஈரோட்டுக்கு வேலைக்கு அனுப்பிட்டேங்க ஐயா. படிப்பு வராதுன்னு சொல்லிட்டான்” என்றார். சிறிய வெட்டுக்காயம்கூட இல்லை. படிகாரத்தைத் தேய்த்தார், வழக்கமான கூலியைப் பெற்றுக்கொண்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய சொற்கள் வாய்வரை வந்தன; வரிசையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அந்த இரண்டு பேரை நான் இன்றுவரை காரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாணவனை அதன்பின் நான் பார்க்கவில்லை.

ஒரு தொழிலின் பெயர் எவ்வாறு வசவாகிறது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்னும் பெயர் உண்டு. அது அலங்காரப் பெயரன்று. கட்டியை அறுத்ததும், புண்ணுக்கு மருந்திட்டதும் அவர்களே. அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊரின் பிள்ளைப்பேறுகளைப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். இலண்டன் மாநகரில் 1540-ஆம் ஆண்டு முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர்; 1745-இல் பிரிந்தனர். பிரிந்தபின் அறுவைக் கத்தியோடு மதிப்பும் ஒரு பக்கமாகப் போய்விட்டது. நம் நாட்டிலோ தொழில் பிறப்போடு கட்டப்பட்டது. ஊருக்கெல்லாம் வேலை செய்துவிட்டு, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லுக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. அதே ஊரில், ஒடுக்கப்பட்ட மக்கள் சிலருக்கு அந்த நாற்காலியில் அமரும் உரிமையும் மறுக்கப்பட்டது. சேவை மறுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இல் வந்தது. ஆக, ஒரு கத்தரிக்கோலின் இருபுறமும் மனிதர்கள் புண்பட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் எட்டாம் வகுப்பில் சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, “அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு விருந்தினர்கள் வருவார்கள்” என்று அறிவித்தேன். அது ஏன் செவ்வாய்க்கிழமை என்பது சன்னலோரத்து மாணவனுக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும். சட்டென நிமிர்ந்து பார்த்தான்.

வந்தவர்களுள் ஒருவர் பேருந்து நிலையத்தருகே கடை வைத்திருப்பவர், அறுபதை நெருங்குபவர். மற்றவர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டுச் சொந்தமாக அழகு நிலையம் நடத்தும் இளம்பெண். பெரியவர் முதலில் பேசவே கூச்சப்பட்டார். “பேச்சு வேண்டாம் ஐயா, ஒரு தலையைக் கொடுங்க” என்றார். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து அமர்ந்தான். அவர் கத்தரியை எடுக்கவில்லை. உச்சியில் விரலை வைத்துச் சுழியைத் தேடினார்.

“இவனுக்கு ரெட்டைச் சுழி” என்றதும் வகுப்பில் ஆரவாரம். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு திருமணம் என்னும் ஊர்ப்பேச்சு எட்டாம் வகுப்புக்கும் தெரிந்திருக்கிறது.

“கல்யாணத்தை விடுங்க. முடி எந்தப் பக்கம் சுத்தி வளருதுன்னு சுழிதான் சொல்லும். அதை எதிர்த்து ஒட்ட வெட்டினா குத்திட்டு நிக்கும். ரெண்டு சுழி இருந்தா நடுவில கொஞ்சம் நீளமா விடணும்” என்றார். பிறகு பேச்சு தானாக வந்தது. சிறுவயதில் தாம் பெட்டியின் மேல் ஏறி நின்று தொழில் பழகியது, நாற்காலியின் இரு கைகள்மீதும் பலகை போட்டு அழும் குழந்தைகளை உட்கார வைப்பது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களுக்கு வீட்டுக்கே சென்று சவரம் செய்வது என்று சொல்லிக்கொண்டே போனார். “நம்ம பின்தலையை நாம பார்க்க முடியாது. நான்தான் பார்க்கிறேன். புழுவெட்டு, படை, கட்டி எதுவானாலும் முதல்ல என் கண்ணுலதான் படும். டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன்” என்றார். பழைய பெயரான மருத்துவர் என்பது என் நினைவில் வந்து போயிற்று.

இளம்பெண் வேறு வகையாகத் தொடங்கினார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பின் ‘காஸ்மெட்டாலஜி’ என்னும் ஓராண்டுப் பயிற்சியில் சேர்ந்ததாகச் சொன்னார். அங்கே முதலில் படித்தது ஒப்பனையை அன்று. தோலின் அடுக்குகளையும் கருவிகளைத் தூய்மை செய்யும் முறையையும். தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் என்றும், வெளிப்புறத் தோல் ஏறக்குறைய நான்கு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்றும் அவர் சொன்னபோது, அறிவியல் ஆசிரியை வாசலில் வந்து நின்று கேட்கத் தொடங்கினார். முடிச்சாயம் பூசுவதற்குமுன் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அச்சாயங்களில் உள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்றார். வருமானத்தைப் பற்றியும் மறைக்கவில்லை. தொடக்கத்தில் பிறர் நிலையத்தில் குறைந்த சம்பளத்திற்கு நின்றதையும், நாள்முழுதும் நிற்பதால் வரும் கால்வலியையும் சொன்னார்.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். நெடுநேரம் அடக்கி வைத்திருந்த கேள்வி என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. “அக்கா, கறுப்பா இருக்கிறவங்களைச் சிவப்பாக்க முடியுமா?”

“முடியாது. முடியும்னு சொல்றவங்ககிட்ட போகாதே” என்றார் அவர் உடனே. வெயிலில் கறுத்த தோல் தன் இயல்பான நிறத்திற்குத் திரும்பலாம். பிறந்த நிறத்தை மாற்ற இயலாது. அவ்வாறு மாற்றுவதாகச் சொல்லி விற்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும். “கல்யாணத்துக்கு முன்னாடி பெண்ணைச் சிவப்பாக்கிக் கொடுங்கன்னு அம்மாக்கள் வருவாங்க. முடியாதுன்னு சொல்லிடுவேன். பாதிப் பேர் வேற கடைக்குப் போயிடுவாங்க” என்று சிரித்தார். இழந்த வருமானத்தை அவ்வளவு எளிதாகச் சொல்பவரை நான் அதிகம் கண்டதில்லை. மாணவி உட்கார்ந்தாள். சற்று நேரம் தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறுதியாகப் பெரியவர் தம் பையிலிருந்து தாள் சுற்றிய சவர பிளேடு ஒன்றை எடுத்தார். ஒரு முகத்திற்குப் பயன்படுத்தியதை இன்னொரு முகத்தில் வைக்கக்கூடாது என்றார். வாசலில் நின்ற அறிவியல் ஆசிரியை, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே ஏழு நாள்வரை கூட உயிர்ப்புடன் இருக்கும் என்று விளக்கினார். பிளேடைப் பாதியாக ஒடித்தே கத்தியில் பொருத்துவார்கள். அதைச் செய்துகாட்டும் ஆர்வத்தில் நான் அதனை வாங்கித் தாளைப் பிரிக்கத் தொடங்கினேன்.

“ஐயா, தாளைப் பிரிக்காதீங்க! கை அறுத்துடும். தாளோட ஒடிக்கணும்!”

சன்னலோரத்திலிருந்து வந்த குரல். வகுப்பே திரும்பிப் பார்த்தது. சொன்னவனும் தான் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டவன்போல் எழுந்து நின்றான். முகம் வியர்த்திருந்தது. அடுத்து என்ன நேரும் என்பது அவனுக்கும் எனக்கும் தெரியவில்லை. நான் வாய் திறக்க அஞ்சினேன். பெரியவர்தாம் பேசினார். யார் மகன் என்று அவர் கேட்கவில்லை.

“தம்பி எந்தக் கடை?” என்றார்.

சக தொழிலாளியிடம் கேட்பதுபோல் கேட்டார். மாணவன் எச்சிலை விழுங்கினான். “வடக்குத் தெரு முக்குக் கடை. எங்க அப்பா கடை” என்றான். யாரும் சிரிக்கவில்லை. இரட்டைச் சுழிக்காரன் மட்டும், “எனக்கு அங்கதான்டா வெட்டுவாங்க, உங்க அப்பாவா அவரு?” என்று வியந்தான்.

பெரியவர் என் கையிலிருந்த பிளேடை வாங்கி, தாளோடு சேர்த்து இரு விரல்களால் மடித்தார். மெல்லிய ஓசையுடன் அது இரண்டாயிற்று. “தம்பி சொன்னதுதான் சரி” என்றார்.

மணி அடித்தது. விருந்தினர்களை வாயில்வரை சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது, தாழ்வாரத் தூணருகே அவன் நின்றுகொண்டிருந்தான். நான் நெருங்கும்வரை காத்திருந்து சொன்னான்:

“அடுத்த செவ்வாய்க்கிழமை எங்க அப்பாவுக்கும் கடை லீவுதான், ஐயா.”