ஆணியின் எந்த முனை வடதுருவம்?

இரும்பாணி ஒன்றின்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றி, கம்பியின் இரு நுனிகளையும் சுரண்டி ஒன்றரை வோல்ட் பேட்டரியோடு இணைத்தால் ஆணி காந்தமாகும் என்பதைத் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் அறிவியல் பாடம் படிக்கும் பிள்ளைகளும் அறிவர். எந்த முனை வடதுருவம் என்று கேட்டால் மட்டும், பேட்டரியின் நேர்முனையைத் தொடும் பக்கமே என்ற விடை முந்திக்கொண்டு வரக்கூடும். அது சரியாவதும் பிழையாவதும் கம்பியைச் சுற்றிய போக்கைப் பொறுத்ததாகலின், துருவத்தைக் கூறும் விதி எங்கே பிறந்தது என்று தேடிப் பார்ப்பது தகும்.

மின்காந்தத்தைச் செய்தவர் வில்லியம் ஸ்டர்ஜன் என்பதால் விதியும் அவருடையதே என எண்ணத் தோன்றும். செருப்புத் தைப்பவரின் மகனான அவர் 1825இல் லண்டனில் காட்டிய லாட வடிவ இரும்பு ஏறத்தாழ 200 கிராம் எடையே கொண்டது. வார்னிஷ் பூசிய அதன்மேல் உறையில்லாத செம்புக் கம்பியை ஒன்றையொன்று தொடாதபடி 18 சுற்றுகள் சுற்றி, 4 கிலோ எடையைத் தூக்க வைத்தார். ஆனால் துருவம் பற்றிய விடை அதற்கு ஐந்தாண்டு முன்பே பாரிசில் கிடைத்துவிட்டது.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று இயற்பியலாளர் அயர்ஸ்டெட் 1820இல் அறிவித்த செய்தி அந்நகரை எட்டியதும், ஊசியைப் பார்த்தபடி மின்னோட்டத்தின் திசையில் ஒருவர் நீந்துவதாகக் கொண்டால் ஊசியின் வடமுனை அவருடைய இடக்கைப் பக்கம் ஒதுங்கும் என அங்கிருந்த இயற்பியலாளர் ஆம்பியர் விதி வகுத்தார். அவர் யோசனைப்படி மற்றோர் அறிவியலாளரான அராகோ கம்பியைச் சுருளாக்கி, அதாவது இன்று வரிச்சுருள் எனப்படும் வடிவில் அமைத்து, உள்ளே எஃகு ஊசியை வைத்தார். திருகாணியின் மரைபோல் வலப்புரியாகச் சுற்றிய சுருளில், மின்னோட்டம் வெளியேறும் முனை வடதுருவமாயிற்று; இடப்புரியில் அது தென்துருவமாயிற்று. ஒரே கம்பியைப் பாதி வழியில் புரி மாற்றிச் சுற்றியபோதோ, ஊசியின் முனைகளில் மட்டுமன்றி நடுவிலும் துருவம் தோன்றியது. இத்தேடலில் மிகத் தெளிவான சான்று இதுவே; பேட்டரியை மாற்றாமலே துருவம் மாறிவிடுகிறதே!

எனினும் புரியை மட்டும் நம்புவது இரண்டடுக்குச் சுற்றில் குழப்பம் தரும். ஆணியின் தலையிலிருந்து கூர்முனைவரை வலப்புரியாகச் சென்ற கம்பி, அதே சுழற்சியில் தலைக்குத் திரும்பும்போது இடப்புரியாகிவிடும். ஆயினும் இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் காந்தத்தைக் குலைப்பதில்லை, வலுப்படுத்துகிறது. ஏனெனில் துருவத்தைத் தீர்மானிப்பது கம்பி முன்னேறும் திசையன்று. ஒரு முனையை நேராக நோக்கும்போது மின்னோட்டம் சுழலும் திசையே. அது கடிகார முள்ளைப்போல் வலஞ்சுழியாகத் தோன்றினால் அம்முனை தென்துருவம், இடஞ்சுழியாகத் தோன்றினால் வடதுருவம்.

ஆணியின் துருவத்தைக் காந்த ஊசியைக் கொண்டு சோதிப்போருக்குச் சென்னைப் பகுதி வசதியானது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே அதிகம் சாயாமல் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். ஊசியின் வடமுனையை ஆணி ஈர்ப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. காந்தமாகாத இரும்பும் ஈர்க்கும், விலக்கலே உறுதியான சான்று. ஆணியை மிக அருகே கொண்டு செல்வதும் ஆகாது. சிறிய ஊசியின் துருவங்களையே அது புரட்டிவிடக்கூடும்.

இவ்வளவும் ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்துக்கே பொருந்தும். 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம்வரை ஓடத் தொடங்கிய மின்ரயிலுக்கு 1,500 வோல்ட் நேர்மின்சாரமே ஊட்டப்பட்டது. 1960களில் அத்தடம் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. மாறுமின்சாரம் பாயும் சுருளும் இரும்பை ஈர்க்கும்தான். ஆனால் அதன் ஒவ்வொரு முனையும் நொடிக்கு 50 முறை வடதுருவமும் 50 முறை தென்துருவமும் ஆவதால், எந்த முனை வடதுருவம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.