மஞ்சள் மெஷினை விற்பதா, வைப்பதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரையும் முன்பின் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட தங்கம் தேடுற மெஷின் இருக்காம்லா? கொடுக்கிறதா இருந்தா நாங்க எடுத்துக்கிடுதோம். இருபத்தஞ்சாயிரம் தாரோம்."

பதினேழு வருடப் பழைய மெஷினுக்கு இருபத்தைந்தாயிரம்! யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று முதல் வீட்டில் இதே பேச்சுத்தான்.

அந்த மெஷின் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் நகராட்சியில் குடிநீர்ப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தவன். எங்கள் வேலையில் பெரிய தலைவலி என்ன தெரியுமா? ஒவ்வொரு முறை புதிதாக ரோடு போடும்போதும் வால்வுத் தொட்டியின் இரும்பு மூடிகள் தாருக்கு அடியில் போய்விடும். பிறகு ஒருநாள் ராத்திரி பைப் உடையும். வால்வை அடைக்க வேண்டும். மூடி எங்கே? "இந்தப் புளியமரத்திலிருந்து பத்தடி" என்று ஒருவர் சொல்வார், "இல்லை, அந்த டீக்கடைக்கு நேரே" என்று இன்னொருவர் சொல்வார். நாலு இடத்தில் கடப்பாரை போட்ட பிறகுதான் மூடி அகப்படும். அதற்குள் தண்ணீர் அடுத்த தெருவுக்கே போயிருக்கும்.

2008இல் மருமகன் அமெரிக்காவிலிருந்து வருகிறபோது, "மாமா, ஒங்களுக்கு என்ன வாங்கிட்டு வர?" என்று கேட்டார். வாட்ச் கேட்பேன் என்று நினைத்திருப்பார். நான் மெட்டல் டிடெக்டர் கேட்டேன். காரெட் ஏஸ் 250. மஞ்சளும் கறுப்புமாக, நீளக் கம்பி, அடியில் முட்டை வடிவத் தட்டு. நாலு பென்சில் பேட்டரி போட்டால் போதும்.

தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள் விநாடிக்கு 6,500 தடவை மாறுகிற காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சின்ன மின்னோட்டம் பிறக்கும். அதை இன்னொரு சுருள் பிடித்துக்கொள்ளும். இரும்பென்றால் 'டும்' என்று தாழ்ந்த குரல். நடுத்தரமாக ஒரு குரல் உண்டு. வெள்ளி, செப்புக் காசு என்றால் கோயில் மணி மாதிரி கணீரென்று ஒரு குரல். ஓய்வு பெறும்வரை அந்த 'டும்'மை வைத்து எத்தனை மூடிகளைக் கண்டுபிடித்தேன் என்று கணக்கில்லை.

2011இல் ஓய்வு பெற்ற பிறகும் மெஷினுக்கு வேலை குறையவில்லை. எங்கள் தென்காசிப் பக்கம் மரம் அறுக்கிற மில்கள் அதிகம். பழைய வேம்பு, புளி மரங்களில் யாராவது எப்போதாவது அடித்த ஆணி உள்ளேயே புதைந்து கிடக்கும். ரம்பம் அதில் பட்டால் பல் போச்சு, சில சமயம் ஆளுக்கும் ஆபத்து. அறுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள். அது போக, வயலில் விழுந்த கொலுசு, தோட்டத்தில் தொலைந்த சாவி. காசு வாங்கியதில்லை. காப்பி கொடுத்தால் குடிப்பேன்.

பெருமையை மட்டும் சொன்னால் போதாது. ஒரு தப்பையும் சொல்ல வேண்டும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அடுத்த தெருவில் ஒரு வீட்டம்மாவின் மோதிரம் காணாமல் போயிற்று. இரண்டு கிராம்தான் இருக்கும். கொல்லையில் துணி காயப்போடும்போது விழுந்திருக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கொல்லை முழுக்க ஆணியும், மாத்திரை அட்டையின் ஈயத்தாளும். அடிக்கொரு சத்தம். தொல்லை தாங்காமல் மெஷினைக் காசு தேடுகிற முறையில் வைத்துக்கொண்டேன். அந்த முறையில் ஆணிக்கும் ஈயத்தாளுக்கும் சத்தம் வராது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொல்லையில் இல்லையென்றால் யார் எடுத்தார்கள்? மறுநாள் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து அதே கொல்லையில் வாழைக்கன்று வைக்கக் குழி தோண்டியபோது மண்வெட்டியில் மோதிரம் வந்தது. மெல்லிய தங்க மோதிரமும் ஈயத்தாளும் மெஷினுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. ஈயத்தாள் வேண்டாம் என்று நான் சொன்னபோதே மோதிரமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கையேட்டிலேயே எழுதியிருந்தது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன சார் செய்வீய, மெஷின் சொன்னதச் சொன்னீய" என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் திரும்பக் கூப்பிட்டும் அவர்கள் போகவில்லை.

பிறகு ஒரு பழைய சங்கதி படித்தேன். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல், உலோகம் காட்டும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். ஆனால் தலைமை மருத்துவர், குண்டு வலது பக்கம்தான் என்று அங்கே மட்டும் தேடவிட்டார். போதாததற்குப் படுக்கையில் இரும்புக் கம்பிச் சுருள்கள் வேறு. குண்டு அகப்படவில்லை. செப்டம்பரில் அவர் இறந்த பிறகுதான் அது இடது பக்கம் இருந்தது தெரிந்தது. படித்தபோது எனக்கு அந்தக் கொல்லைதான் ஞாபகம் வந்தது.

சரி, இப்போது விற்கிற பேச்சு ஏன் வந்தது? போன வருடம் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். சோதிக்கிறதற்கு வைத்திருக்கும் ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபாயை முற்றத்தில் போட்டு மேலே ஆட்டினேன். சத்தமே இல்லை. பேட்டரி மாற்றினேன். அப்போதும் இல்லை. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி சத்தம் போட்டாள்: "அந்த மணியை நிறுத்துங்க, காது வலிக்குது!"

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. 72 வயதில் என் காதுதான் போய்விட்டது. இரும்பின் தாழ்ந்த குரல் கேட்கிறது, வெள்ளியின் உயர்ந்த குரல் கேட்கவில்லை. கேட்காத காதோடு போய் இன்னொரு தடவை "இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் விற்கலாம் என்ற எண்ணமே வந்தது.

காரில் வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டதற்கு, மலையடிவாரத்தில் ஒரு பாழடைந்த மண்டபத்தைப் பற்றி இழுத்தார்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கிற முகமாக அந்த இரண்டு பேரும் தெரியவில்லை.

மரமில்காரர் நாலாயிரம் தருகிறேன் என்றார். நியாயமான விலை. மில்லில் ஆணி மட்டும்தான் தேட வேண்டும், தப்பு நடக்க இடமில்லை. வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பாத்திரம் தேய்த்த அம்மா வந்தார்கள். "சார், மகளோட கம்மல் ஒண்ணு மல்லித் தோட்டத்துல விழுந்துட்டு. கொஞ்சம் பாக்கணும்."

இத்தனைக்குப் பிறகும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "எனக்குக் காது சரியில்லையேம்மா" என்றேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "எனக்கு நல்லாத்தான் கேக்குது." நான் வாய்க்குள் முணுமுணுப்பதை அடுத்த அறையிலிருந்து நாற்பது வருடமாகக் கேட்டுப் பதில் சொல்கிறவள். அதற்கு மேல் என்ன பேச?

வியாழக்கிழமை காலை போனோம். கம்பியைப் பிடித்து ஆட்டியது நான், ஹெட்போனை மாட்டிக்கொண்டது அவள். எந்த உலோகத்தையும் விடாத முறையில் வைத்துக்கொண்டோம். வெயில் ஏறுவதற்குள் ஆணி, கம்பித் துண்டு, பிளேடு, சோடா மூடி, ஈயத்தாள் என்று ஒரு சட்டி நிறைய எடுத்தோம். கம்மல் வரவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம், "இங்கே இல்லைன்னு சொல்ல மாட்டேன்மா. எங்களுக்கு இன்னும் கிடைக்கல, அவ்வளவுதான். பாதித் தோட்டம் பாக்கி இருக்கு" என்றேன். "சரி சார், ஒரு மழை பெய்யட்டும், மண்ணு எளகும்" என்றார்கள்.

மரமில்காரருக்குப் போன் செய்து, விற்கவில்லை, எப்போது வேண்டுமோ அப்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நேற்று ராத்திரி நல்ல மழை. நாளைக் காலையில் மறுபடியும் மல்லித் தோட்டத்துக்குப் போகிறோம். ஹெட்போன் வயர் நீளம் போதவில்லையாம். நீளமாக ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.