தரகரின் கூலி

வட்டியை விட்டு ஒதுங்கும் நம் குடும்பங்களில் சேமிப்பு பெரும்பாலும் தங்கமாகவோ மனையாகவோதான் நிற்கிறது. பங்குச் சந்தையென்றால் சூதாட்டம் என்பாரும் உளர். காலையில் வாங்கி மாலையில் விற்கும் ஊக வணிகத்தைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றில் பிழையில்லை. ஆனால், ஆகுமான தொழில் செய்யும் நிறுவனத்தில் பங்காளியாகி, லாபம் நட்டம் இரண்டையும் ஏற்பது வேறு. பிக்ஹு கிதாபுகளில் ஷிர்க்கத் என்று அதற்கொரு பாடமே உண்டு.

என் சிறு சேமிப்பு பத்தாண்டுகளாக ஒரு தரகரிடம் இருந்தது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், மரியாதை தெரிந்தவர். ஆயினும் அவர் அலுவலகத்திலிருந்து வாரந்தோறும், "இதை விற்று அதை வாங்குங்கள், ஹஜ்ரத்" என்று தொலைபேசி வரும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஐம்பது காசு தரகு. நான் வாங்கினாலும் விற்றாலும் அவருக்கு வரவு. சும்மா இருந்தால் மட்டுமே வரவில்லை. பணம் செலுத்தத் தாமதமானால் வட்டி என்ற விதியும் ஒப்பந்தத்தில் இருந்தது.

பின்னர், ஷரீஅத் வரம்புக்குட்பட்ட பரஸ்பர நிதியொன்றை அவர் பரிந்துரைத்தார். ஆண்டுச் செலவு 2 விழுக்காட்டை ஒட்டியது.

"இதில் உங்கள் கூலி எவ்வளவு, தம்பி?" என்று கேட்டேன்.

"அது கம்பெனி தருவது, ஹஜ்ரத். உங்களுக்குச் செலவே இல்லை."

அந்தச் செலவு நாள்தோறும் நிதியின் மதிப்பிலிருந்தே கழிக்கப்படுகிறது. ரசீது வராததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவருக்காக வேலை செய்பவர் கூலி பெறுவது முற்றிலும் ஆகுமானது. ஆனால், கூலி இவ்வளவென்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டுமென்பது நாங்கள் இளைய மாணவர்க்கே கற்பிக்கும் பாடம். தெரியாத கூலியை நான் எப்படி ஒப்புக்கொள்வது?

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். செலவுக்கு முன் ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ச்சியென்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் ரூபாய், 2 விழுக்காடு செலவு போக, 20 ஆண்டுகளில் சுமார் 4,66,000 ஆகும். செலவு 1 விழுக்காடானால் சுமார் 5,60,000. ஒரேயொரு விழுக்காடு, போட்ட முதலுக்கு ஏறக்குறைய நிகரான தொகையை விழுங்கிவிடுகிறது!

பங்குகளைத் தேர்ந்தெடுக்க நிபுணருக்குப் பணம் கொடுக்காமல், குறியீட்டிலுள்ள எல்லாவற்றையும் வாங்கி வைக்கும் நிதியை அமெரிக்காவில் ஜான் போகிள் 1976-இல் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தபோது பலர் எள்ளி நகைத்தனர். நம் நாட்டில் நிஃப்டி ஷரீஅத் குறியீட்டைப் பின்பற்றும் நிதி 2009-இல் வந்தது. வட்டி வங்கிகளும் மது, புகையிலைத் தொழில்களும் அதில் இடம்பெறா. வங்கிகள் இல்லாததால் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்கு கனத்துவிடுகிறது. இதைக் குறையென்றே கருதுகிறேன். சாதாரணக் குறியீட்டு நிதிகளைப்போல் அத்தனை மலிவுமில்லை. எனினும் தரகர் காட்டியதைவிடச் செலவு குறைவு. அது எவ்வளவென்று எழுதியும் இருக்கிறது. அதையே தேர்ந்தேன்.

தரகரை மாற்றுவது பலர் அஞ்சுவதுபோல் பெரிய காரியமன்று. நம் பங்குகள் தரகரின் பெட்டியில் இல்லை, என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய வைப்பகங்களில் நம் பெயரிலேயே உள்ளன. அதே பெயரில் புதிய டீமேட் கணக்கு தொடங்கி, பழையதை மூடி மாற்றும்படி படிவம் கொடுத்தால் போதும். இது விற்பனையன்று, ஆகவே லாப வரி எழாது. நிலுவைத் தொகையை மட்டும் முன்பே தீர்த்துவிட வேண்டும். பங்குகளை வாங்கி வைத்திருப்போரிடம் தரகே பெறாத நிறுவனங்களும் இப்போது உண்டு. வாரிசு நியமனப் படிவத்தில் மனைவியின் பெயரை மறவாமல் எழுதினேன்.

பழைய தரகர் சிறிது வருந்தினார். படிவத்தில் கையெழுத்திட்டும் தந்தார்.

ஹஜ்ஜுக்கென்று ஒதுக்கிய பணத்தை மட்டும் நான் இதில் போடவில்லை. 2020 ஜனவரியில் 12,000-ஐத் தாண்டி நின்ற நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. இரண்டாண்டில் தேவைப்படும் தொகை அதைத் தாங்காது.