டிராயருக்குள் ஒரு வௌவால்

1948-இல் மேகமலையில் ஒரு வௌவால் பிடிபட்டது. தேனி மாவட்டம் என்று ஒன்று அப்போது கிடையாது. மேகமலையும் மதுரை மாவட்டம்தான். பிடித்தவர் ஆங்கஸ் ஹட்டன். தேயிலைத் தோட்டத்துக்காரர், கண்ணில் பட்ட பாம்பு, விலங்கு எல்லாவற்றையும் குறித்துவைத்த மனிதர். வௌவாலின் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. ஊரெல்லாம் பறக்கிற குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று நினைத்து, அந்தப் பெயரிலேயே டிராயரில் வைத்துவிட்டார்கள்.

24 வருடம் கழித்து, 1972-இல், தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அது வேறு என்று எழுதினார். சீட்டை விட்டுவிட்டுப் பல்லைப் பார்த்திருக்கிறார். முன்பற்கள் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி; குட்டைமூக்கு வௌவாலுக்கு இரண்டிரண்டு ஜோடி. அதற்குச் சின்னதாய் ஒரு வால் உண்டு, இதற்கு வாலே இல்லை. புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினம். சாலிம் அலிக்கு மரியாதையாக லாட்டிடென்ஸ் சலீமாலி என்று பெயர் வைத்தார். (கிட்டி இரண்டே வருடத்தில் இறந்துபோனார். உலகின் மிகச் சிறிய வௌவாலுக்கு இப்போது அவர் பெயர்.) மேகமலை வௌவால் மறுபடி கண்ணில் பட 1993 ஆகிவிட்டது.

கோடில் ஒரு வேரியபிளுக்குத் தப்பான பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்று என் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அடுத்து வருகிறவன் பெயரைத்தான் படிப்பான், உள்ளே என்ன இருக்கு என்று பார்க்கமாட்டான். வௌவாலுக்கு இன்னொரு தப்பான பெயரும் இருந்தது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், காகம், எலியோடு பழந்தின்னி வௌவால்களும் நெடுங்காலம் இருந்தன. அந்த அட்டவணையின் தலைப்பு ‘வெர்மின்’. கொன்றால் கேள்வி கிடையாது. சலீமாலி வௌவாலை மட்டும் பிற்பாடு முதல் அட்டவணைக்கு மாற்றினார்கள்.

இந்த ‘வெர்மின்’ மழைக்காட்டில் பார்க்கிற வேலை என்ன? அத்திப்பழம், உருத்திராட்சக் குடும்பத்து மரங்களின் பழம் எல்லாம் தின்னும். பழத்தைக் காய்த்த மரத்திலேயே உட்கார்ந்து தின்னாமல், கவ்விக்கொண்டு வேறு கிளைக்குப் போகும். சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்பும். அத்தி மாதிரிப் பொடி விதைகள் வயிற்றுக்குள் போய் அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும், அதுவும் பறக்கும்போதே. பறவைகள் பெரும்பாலும் உட்காரும் கிளைக்கு அடியில்தான் விதை போடும். வெட்டவெளியில், மரம் விழுந்த இடைவெளியில் விதை விழணும்னா வௌவால் வேணும். இருவாச்சி பகலில் செய்வதன் மிச்சத்தை ராத்திரி ஷிப்டில் செய்வது இதுதான்.

அந்தக் காடு மழையைப் பிடித்து வைத்து, மெதுவாக விடுகிறது. மேகமலை, வருசநாட்டு ஓடைகள் வைகைக்கு வருகின்றன. 1895-லிருந்து பெரியாற்றுத் தண்ணீரும் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிறது. அதுவும் மழைக்காட்டுத் தண்ணீர். மதுரைக் குழாயில் வருவது இதெல்லாம் சேர்ந்ததுதான்.

இதை எங்கள் அபார்ட்மெண்ட் மீட்டிங்கில் சொன்னேன். காம்பவுண்ட் ஓரம் ஐந்து நெட்டிலிங்க மரம். ராத்திரி குட்டைமூக்கு வௌவால்கள் வந்து பழம் தின்னும். காலையில் கார் மேலெல்லாம் கொட்டையும் எச்சமும். கேரளாவில் நிபா வந்ததிலிருந்தே வாட்ஸப் குரூப்பில் பயம். கொரோனாவுக்கு அப்புறம் மரத்தையே வெட்டணும் என்று ஆகிவிட்டது.

கீழ்வீட்டுப் பெரியவர் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, நீங்க சொல்ற வௌவால் மேகமலையில. இது அது இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப என் கார் மேல இருக்கிறது எந்தக் காட்டை வளர்க்குது?”

நல்ல கேள்விதான். அந்தக் கொட்டை சிமெண்ட் தரையில் விழுகிறது, துடைப்பத்தோடு போய்விடுகிறது. இங்கே அது எதையும் வளர்க்கவில்லை, நாம் இடம் விடவில்லை. “தரை இருந்த இடத்துல வளர்த்துச்சு சார். தரையை நாமதானே மூடினோம்” என்றேன். யாரோ சிரித்தார்கள். கடித்த பழத்தைத் தொடாதீங்க, தின்னாதீங்க, நிபாவுக்கு அந்த ஜாக்கிரதை வேணும், மரத்தை வெட்டினா வௌவால் பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும் என்பதையும் சொன்னேன். அதற்குக் கொஞ்சம் பேர் தலையாட்டினார்கள்.

ஓட்டெடுப்பில் பார்க்கிங் பக்கம் இருந்த இரண்டு மரம் போனது. மீதி மூன்றுக்கு அடுத்த மாசம் மீட்டிங். பெரியவர் அன்றைக்குப் படி ஏறும்போது கேட்டார்: “அந்த வாலில்லாத வௌவால் போட்டோ இருந்தா அனுப்புங்க தம்பி, பேத்திக்குக் காட்டணும்.”